தெரியாத எண்ணிலிருந்து உங்கள் மகள்

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். பதினைந்து வயது ஆகும்வரை பிள்ளைகளுக்குச் செல்போன் வாங்கித் தருவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். போன மாதம் மகளின் மாலை வகுப்பு திடீரென்று ரத்தாகிவிட்டது. வாசலில் நின்ற இன்னொரு குழந்தையின் அம்மாவிடம் போன் கேட்டு வாங்கி எனக்கு மூன்று முறை அழைத்திருக்கிறாள். தெரியாத எண் என்பதால் மூன்று முறையும் நான் கட் செய்துவிட்டேன். அந்த அம்மா கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் தனியாக நின்றிருக்கிறாள். வழக்கமான நேரத்துக்கு நான் போனபோது அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "ஏம்மா நீ எடுக்கல?" அன்றிலிருந்து உறவினர்கள் எல்லோரும் "ஒரு போனை வாங்கிக் கொடுத்துவிடு" என்கிறார்கள். போன் இல்லாத குழந்தை எங்களை எப்படித்தான் தொடர்புகொள்வது? எங்கள் முடிவு தவறா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை உங்கள் மகள் செய்ததை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். வகுப்பு இல்லை என்று தெரிந்ததும் அவள் எங்கும் கிளம்பிப் போகவில்லை. தனக்கு முகம் தெரிந்த, குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் போய்ப் பேசியிருக்கிறாள். போன் கேட்டிருக்கிறாள். உங்கள் எண் அவளுக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது. ஒரு முறை எடுக்கவில்லை என்றதும் விட்டுவிடாமல் மூன்று முறை முயன்றிருக்கிறாள். நீங்கள் வரும்வரை அதே இடத்தில் இருந்திருக்கிறாள். பள்ளி ஆலோசகராக இத்தனை வருடத்தில் நான் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப் பாடுபடும் எல்லாவற்றையும் உங்கள் மகள் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறாள். அறுந்தது உங்கள் பக்கத்து முனை.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரியாத எண்ணை எடுக்காமல் விடுவது இன்று கிட்டத்தட்ட எல்லோருடைய பழக்கம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்க வரும் அழைப்புகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் கைபேசி இல்லாத குழந்தை எப்போது அழைத்தாலும் அது யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்துதான் வரும். வேறு வழியே கிடையாது. ஆகவே குழந்தைக்குப் போன் வாங்கித் தருவதில்லை என்று முடிவெடுக்கும் வீட்டில், அதோடு சேர்த்து எடுக்க வேண்டிய இன்னொரு முடிவும் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரத்தில் தெரியாத எண் வந்தால் எடுப்பது. முதல் முடிவை எடுத்த பல பெற்றோருக்கு இரண்டாவது ஞாபகத்துக்கே வருவதில்லை.

அதனால் முதலில் உங்கள் போனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி அலுவலகம், வகுப்பாசிரியர், மாலை வகுப்பு நடத்துபவர், வண்டி ஓட்டுபவர், மகளின் நெருங்கிய தோழிகள் மூன்று நான்கு பேருடைய அம்மா அப்பா, மகனுக்கும் அதேபோல. இந்த எண்களை எல்லாம் பெயரோடு சேமித்து வையுங்கள். உங்கள் கணவரின் போனிலும்தான். அரை மணி நேர வேலை. அன்றைக்கு அந்த அம்மாவின் எண் உங்களிடம் பெயரோடு இருந்திருந்தால் முதல் அழைப்பிலேயே எடுத்திருப்பீர்கள்.

அடுத்து, அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். தெரியாத எண்கள் ஒலிக்காமலே தடுக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. ஐபோனில் அது 2019 முதல் உண்டு. எப்போதோ ஆன் செய்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். அதை அணைத்துவிடுங்கள். 'தொந்தரவு செய்யாதே' என்ற வசதியைப் பயன்படுத்துகிறவர் என்றால், அதற்குள் 'மீண்டும் அழைப்பவர்' என்று ஒரு விருப்பம் இருக்கும். அதை ஆன் செய்து வைத்தால், ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு முறை அழைக்கும்போது இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்புக்கு இது பொருந்தும். இதை வைத்தே வீட்டுக்கு ஒரு விதி செய்துகொள்ளலாம். முதல் அழைப்பை நீங்கள் எடுக்கவில்லை என்றால் பிள்ளைகள் உடனே இரண்டாவது முறை அழைக்க வேண்டும். தெரியாத எண் உடனே இரண்டாவது முறை வந்தால், கூட்டத்தின் நடுவில் இருந்தாலும் நீங்கள் எடுக்க வேண்டும்.

மோசடி அழைப்புகள் வருகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அழைப்பை எடுத்துக் காதில் வைப்பதால் மட்டும் பணம் போவதில்லை. எதிர்முனை கேட்கும் விவரத்தைச் சொன்னால்தான், அனுப்பச் சொன்னதை அனுப்பினால்தான் போகும். "ஹலோ" சொல்லிவிட்டு ஐந்து விநாடி கேளுங்கள். குழந்தையின் குரல் இல்லை என்றால் வைத்துவிடுங்கள். குழந்தையின் குரலே போலியாக இருக்கலாம் என்ற பயமும் இப்போது நியாயமானதுதான். செயற்கை நுண்ணறிவால் குரலை நகலெடுத்து, "மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு" என்று குடும்பத்தாரை ஏமாற்றுகிறார்கள் என அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 மார்ச்சில் மக்களை எச்சரித்தது. இதற்கு மருந்து ஒரு ரகசியச் சொல். வீட்டில் நால்வருக்கு மட்டும் தெரிந்த சொல், வெளியில் எங்கும் எழுதாத சொல். சந்தேகம் வந்தால் அதைக் கேளுங்கள். இதே சொல் இன்னொரு பக்கமும் பயன்படும். "அம்மாதான் உன்னைக் கூட்டிவரச் சொன்னாங்க" என்று யாராவது வந்து நின்றால் உங்கள் மகன் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் தெரிந்த முகமாகவே இருந்தாலும் போகக் கூடாது.

வேலை நேரத்தில் போனையே தொட முடியாத பெற்றோர் இருக்கிறார்கள். எந்திரத்தின் முன்னால் நிற்பவர்கள், அறுவை அரங்கில் இருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். நீங்களோ கணவரோ அப்படி என்றால் வேலையிடத்தின் வரவேற்பு மேசை எண்ணையோ மேற்பார்வையாளரின் எண்ணையோ பள்ளியில் கொடுத்து வையுங்கள். "என் குழந்தை கூப்பிட்டால் எனக்கு வந்து சொல்லுங்கள்" என்று அங்கே உள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்லியும் வையுங்கள். சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

சரி, இனி பிள்ளைகளின் பக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஏழு வயதுப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று என் அறைக்கு வந்தான். கோள்களின் பெயர்களை வரிசை தப்பாமல் ஒப்பிக்கக் கூடியவன். "அம்மா நம்பர் சொல்லுப்பா, கூப்பிடலாம்" என்றேன். என் மேசை மேலிருந்த போனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா எங்க இருக்காங்க?" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் அவன் அம்மாவை அழைப்பதென்றால் அப்பாவின் போனில் 'அம்மா' என்ற படத்தைத் தொடுவான். எண் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. இன்னொரு சிறுமிக்கு எண் சரளமாக வந்தது, பாட்டு மாதிரி. ஆனால் அழுத்தச் சொன்னதும் பாதியில் நின்றுவிட்டாள். "டபுள் ஃபோர்" என்று கேட்டே பழகியவள், 'டபுள்' என்ற பொத்தானை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். அந்த விரல் விசைப்பலகை மேல் அலைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எண்ணைச் சொல்லத் தெரிவது ஒரு திறமை. அழுத்தத் தெரிவது வேறொரு திறமை. இரண்டும் வேண்டும். இன்றைய குழந்தைகள் பிறந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், வெறும் எண்களை அழுத்தி ஒருவரை அழைத்திருக்கவே மாட்டார்கள். தொடர்புப் பட்டியலிலிருந்து விசைப்பலகைக்கு எப்படிப் போவது, அழுத்தி முடித்ததும் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும், தப்பாக அழுத்தினால் எப்படி அழிப்பது, மணி அடிக்கும் சத்தம் எது, பிஸி என்றால் என்ன சத்தம், இவை எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கம்பி போன் கையில் கிடைத்தால் முதலில் 'கொய்ங்' என்று கேட்டபிறகுதான் அழுத்த வேண்டும். சில அலுவலகங்களில் வெளி எண்ணுக்கு முன்னால் பூஜ்யமோ ஒன்பதோ அழுத்த வேண்டியிருக்கும். அந்தப் போனின் சொந்தக்காரரிடம் கேட்டால் சொல்வார். கேட்கலாம் என்பது குழந்தைக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மகளுக்கு இது கைவந்துவிட்டது. ஆறு வயது மகனுக்கு எப்படிச் சொல்லித்தருவது? நீளமான எண்ணை ஒரே மூச்சில் திணிக்காதீர்கள். பெரியவர்களின் மனமே ஒரு நேரத்தில் ஏழு விஷயங்கள், கூடக் குறைய இரண்டு, அவ்வளவைத்தான் பிடித்து வைத்திருக்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. சிறு குழந்தைக்கு அதைவிடக் குறைவு. ஆனால் தனித்தனி இலக்கங்களை ஒரு கட்டாகக் கட்டிவிட்டால் அந்தக் கட்டு ஒரே விஷயமாகிவிடும். பத்து இலக்க எண் என்றால் மூன்று, மூன்று, நான்கு என்று பிரியுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் கை தட்டி ஒரு தாளம். முதல் வாரம் ஒரு கட்டு, அது நின்றபிறகு அடுத்தது. எப்போதும் அதே தாளம், அதே பிரிப்பு. நீங்கள் ஒரு விதமாகவும் அப்பா வேறு விதமாகவும் பிரித்துச் சொன்னால் குழந்தை குழம்பும். 'டபுள்', 'ட்ரிபிள்' வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லட்டும்.

வாயில் வந்ததும் விரலுக்குக் கொண்டுபோங்கள். பழைய போன் இருந்தால் அதில், இல்லையென்றால் அட்டையில் வரைந்த கட்டங்களில். வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் டேப்லெட்டுக்குத் திறவு எண்ணாக உங்கள் போன் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களை வைத்தால், மகன் தினமும் தானாகவே அதை அழுத்திப் பழகுவான். எளிதில் ஊகிக்கக்கூடிய திறவு எண்தான். அதனால் பிள்ளைகளின் டேப்லெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் போனுக்கோ வங்கிச் செயலிக்கோ வேண்டாம்.

ஓர் எண் போதாது. உங்களுடையது, கணவருடையது, அப்புறம் எப்போதும் போனை எடுக்கிற ஒருவருடையது. அந்த மூன்றாவது ஆள் உறவாக இருக்க வேண்டும் என்றில்லை. எடுப்பவராக இருந்தால் போதும். மூன்றையும் மனப்பாடம் செய்வது ஆறு வயதுக்குப் பாரம் என்பதால் ஒன்றை மனதிலும் மற்றவற்றை எழுத்திலும் வைத்துக்கொள்ளலாம். எழுத்து எப்படியும் வேண்டும். வீட்டில் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லும் குழந்தைக்குப் பயந்துபோன நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது மறதி இல்லை, பயத்தின் வேலை. பையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு, ஷூவின் உள் அட்டைக்கு அடியில் ஒரு சீட்டு, பென்சில் பெட்டி மூடியில் ஒன்று. வெளியில் தெரியும்படி குழந்தையின் பெயரை எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். எண் மட்டும் போதும். பெருங்கூட்டத்துக்குப் போகிற நாளில் முன்கையின் உள்பக்கம் பேனாவால் எழுதிவிடுங்கள். வியர்வையில் கலைந்திருக்கிறதா என்று நடுவில் ஒரு தரம் பாருங்கள். வேறு நாட்டுக்குப் பயணம் என்றால் அந்தச் சீட்டில் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் அங்குள்ள ஒருவரின் போனிலிருந்து உங்களுக்கு அழைப்பு வராது.

பேசத் தெரியாத, பேச்சு தாமதமாக வரும், அல்லது பதற்றத்தில் பேச்சு நின்றுபோகும் குழந்தைகளுக்கு இந்தச் சீட்டுதான் குரல். அவர்களுக்கு நீரில் நனையாத கைப்பட்டையாகவே செய்து போடலாம். "நான் பேச மாட்டேன், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இனி யாரிடம் கேட்பது. "அந்நியரோடு பேசாதே" என்று சொல்லி வளர்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் அந்நியரிடம்தான் உதவி கேட்க வேண்டும் என்ற நிலையில் குழந்தையை விட்டுவிடுகிறோம். குழந்தை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாமல் நிற்கும். அந்தக் கட்டளையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். தானாக வந்து பேசுகிற அந்நியரிடம் எச்சரிக்கை வேண்டும். நீயாகத் தேர்ந்தெடுத்துப் போய்க் கேட்கலாம். யாரை? அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களை, அதாவது சீருடையில் இருப்பவரை, கவுன்டருக்குப் பின்னால் இருப்பவரை. அப்படி யாரும் இல்லை என்றால் குழந்தையோடு வந்திருக்கும் பெண்மணியை. கேட்டபிறகு அங்கேயே நின்று பேச வேண்டும். "வா, உன் அம்மாவிடம் கூட்டிப்போகிறேன்" என்றால் போகக் கூடாது. போன்தான் உன்னிடம் வர வேண்டும், நீ எங்கும் போகத் தேவையில்லை. இந்த வாக்கியத்தை நான் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால் தேடிக்கொண்டு அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லியிருப்பீர்கள். உங்கள் முழுப்பெயரைச் சொல்லிக் கத்தவும் கற்றுக்கொடுங்கள். "அம்மா" என்று கூப்பிட்டால் அங்கே இருக்கிற அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்ப்பார்கள், அல்லது யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்று மட்டும் சொல்லும் ஆறு வயதுக் குழந்தைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

போன் கைக்கு வந்ததும் சொல்ல வேண்டியவை நான்கு. நான் யார், எங்கே இருக்கிறேன், யாருடைய போனில் பேசுகிறேன், என்ன ஆயிற்று. இதே வரிசையில். அழுகை அப்புறம் வரட்டும். முதலில் இடம் தெரிந்துவிட்டால், பேச்சு நடுவில் அறுந்தாலும் நீங்கள் கிளம்பிவிடலாம். எடுக்கவில்லை என்றால் அந்தப் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சிக்னல் பலவீனமாக இருந்து அழைப்பு போகாத இடத்தில்கூடக் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடும். தமிழில் எழுதினால் ஒரு செய்தியில் 70 எழுத்துக் குறிகள்தான் அடங்கும். பெயரும் இடமும் சொல்ல அது தாராளம். உங்கள் மகள் மூன்றாவது அழைப்புக்குப் பதிலாகத் தன் பெயரைப் போட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் திரும்ப அழைத்திருப்பீர்கள். அவளுக்கு இனிச் சொல்லித்தர வேண்டியது என்று நான் நினைப்பது இது ஒன்றுதான். அப்புறம், போன் கொடுத்தவரிடம் "அம்மா திரும்பக் கூப்பிடுவாங்க, அஞ்சு நிமிஷம் இருக்கீங்களா?" என்று கேட்பது. பெரும்பாலானவர்கள் இருப்பார்கள்.

ஆபத்து என்றால் கதை வேறு. உங்கள் நாட்டின் அவசர எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய போனாக இருந்தாலும், பூட்டியிருந்தாலும், பூட்டுத் திரையில் அவசர அழைப்புக்கு ஒரு வழி இருக்கும். வீட்டில் நீங்களே மயங்கி விழுந்தால் உங்கள் போனின் திறவு எண் தெரியாமலே உங்கள் மகளால் உதவியை அழைக்க முடியும். பூட்டுத் திரையில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிவையுங்கள், அழுத்தாமல். 112 என்ற எண் ஜிஎஸ்எம் கைபேசித் தரத்திலேயே அவசர எண்ணாக எழுதப்பட்டிருப்பதால் பல நாடுகளில் அது உள்ளூர் அவசரச் சேவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அம்மா வரத் தாமதமாவதற்கு அந்த எண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் தனியாக இருக்கும் நேரத்துக்கு டேப்லெட், வைஃபை வழியே பேசும் செயலி, குரலால் இயங்கும் ஸ்பீக்கர் என்று பல வழிகள் இருக்கின்றன. நீங்கள் அனுமதித்த நான்கைந்து பேரை மட்டும் அதில் சேர்த்துவிட்டால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவை எல்லாம் வைஃபையை நம்பி இருப்பவை. வைஃபை மின்சாரத்தை நம்பி இருக்கிறது. பழைய செம்புக் கம்பி போனுக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. அதனால் வீடு இருட்டானாலும் போன் பேசும். இன்றைய ஃபைபர் இணைப்பில் வரும் வீட்டு போன் மோடத்தோடு சேர்ந்து அணைந்துவிடும், பேட்டரி வைத்திருந்தால் தவிர. ஒரு நாள் மின்சாரத்தை அணைத்துவிட்டு மகளை உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று அப்போது இருவருக்கும் தெரியும். பல செயலிகளிலிருந்து அவசர எண்ணை அழைக்கவே முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கையில் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாமா என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் மலிவானதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2017 அக்டோபரில் நார்வேயின் நுகர்வோர் மன்றம் குழந்தைகளுக்கான சில வாட்சுகளைச் சோதித்தபோது, வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்கவும் குழந்தையோடு பேசவும்கூட முடியும் என்று தெரியவந்தது. அடுத்த மாதமே ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாமல் ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட குழந்தை வாட்சுகளின் விற்பனையைத் தடைசெய்தது. பாதுகாப்புக்கு என்று வாங்கியதே ஓட்டையாகிவிடக் கூடாது. பையில் போட்டுவைக்கும் சிறு டிராக்கர்கள் குழந்தையின் பை எங்கே இருக்கிறது என்று சொல்லும். குழந்தை உங்களோடு பேச அவை உதவாது.

உங்கள் உறவினர்கள் சொல்வதற்கும் வருகிறேன். போன் வாங்கிக் கொடுத்திருந்தால் அன்று இது நடந்திருக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் போனுக்குச் சார்ஜ் தீரும், தொலையும், பள்ளி வாங்கிப் பூட்டி வைக்கும். பிரான்ஸ் 2018-இலேயே பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் பள்ளியில் போன் பயன்படுத்துவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த வழியில் போகும் நாடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன. கையில் போன் இருந்தே பழகிய குழந்தைக்கு எண்ணும் தெரியாது, கேட்கும் துணிச்சலும் வந்திருக்காது. என் அறைக்கு வந்து திகைத்து நிற்கும் குழந்தைகளில் போன் வைத்திருக்கும் குழந்தைகளும் நிறைய. உங்கள் முடிவு தவறில்லை என்றே நினைக்கிறேன்.

பள்ளியிடமும் மாலை வகுப்பிலும் ஒரு கேள்வி கேளுங்கள். "என் குழந்தை போன் பேச வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும்? கொடுப்பீர்களா?" எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அலுவலகப் போன் மாணவர்களுக்கு இல்லை என்று யாரோ எப்போதோ சொன்னது பல வருடம் விதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அப்பா கேட்டபிறகுதான் அப்படி ஒரு விதியே எழுத்தில் இல்லை என்று தெரிந்தது. வகுப்பு ரத்தானால் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையை வெளியே அனுப்ப வேண்டும். அதை அந்த வகுப்பு நடத்துபவரிடம் நீங்கள் கண்டிப்பாகவே கேட்கலாம். உங்கள் மகள் ஒரு மணி நேரம் தனியாக நின்றதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. இனி யாரும் வரவில்லை என்றால் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் கழித்து யாரிடம் போய்ச் சொல்வது என்று மகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வாசலுக்கு வெளியே வேண்டாம். உள்ளே, பெரியவர் ஒருவரின் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும்.

இத்தனை சொன்ன பிறகும், அழைக்க வழி இருந்தும் அழைக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். கேட்டால், "அம்மா வேலையில இருப்பாங்க, திட்டுவாங்க" என்பார்கள். எப்போதோ ஒரு முறை சின்ன விஷயத்துக்கு அழைத்தபோது "இதுக்கா கூப்பிட்ட?" என்று கேட்டிருப்போம். நமக்கு மறந்துவிடும், குழந்தைக்கு மறக்காது. அதனால் பென்சில் தொலைந்தது என்று அழைத்தாலும் முதல் வார்த்தை "கூப்பிட்டது நல்லதும்மா" என்று இருக்கட்டும். பென்சிலைப் பற்றி வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

உங்கள் மகள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். "தெரியாத நம்பர்னு கட் பண்ணிட்டேன். அது என் தப்பு. நீ செஞ்சது எல்லாம் சரி." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், 'ஆனால்' என்று ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தை அந்த ஒரு மணி நேரத்தில் தான் என்ன தப்பு செய்தோம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கும்.

அதன்பிறகு வருகிற விடுமுறை நாளில் ஒரு ஒத்திகை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, அவருடைய போனைக் கேட்டு வாங்கி மகள் உங்களுக்கு அழைக்கட்டும். தம்பியும் கூட நிற்கட்டும், அடுத்த முறை அவனுக்கு. பக்கத்து வீட்டு எண் உங்கள் போனில் பெயரோடு இருந்தால் அன்றைக்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள். திரையில் தெரியாத எண்ணாகவே வரட்டும். நீங்கள் வேறு அறையில் ஏதாவது வேலையாக இருங்கள். முதல் முறை அடித்து ஓயட்டும். இரண்டாவது முறை அடிக்கும்போது எடுத்து, "சொல்லும்மா, எங்க இருக்க?" என்று கேளுங்கள்.